கையெழுத்து இல்லாத எச்சில் ரிப்போர்ட்

என் பணி ஓய்வு விழாவில் பேச வந்த இளம் டாக்டர் ஒருவர், "ரோஸ்லின் மேடம் ரத்தம் எடுக்கறதுல கெட்டிக்காரங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா எச்சில் எடுக்கறதுல அவங்கள மிஞ்ச தமிழ்நாட்டுலயே ஆள் கிடையாது" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. மாலையும் சால்வையுமாக உட்கார்ந்திருந்த நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து பீரோவில் வைக்கும்போதுதான் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. சிரித்த என்மேல்.

அடுத்த வருடம் லேபிலிருந்து பெண்கள் போன் செய்தார்கள். "அக்கா, புது மிஷின் வந்திருக்கு. விக்க வந்தவரு, உமிழ்நீர்லயே மருந்து அளவு பாத்துடலாம், இது ரொம்பப் புதுசுன்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தாரு. நீங்க மூலையில உக்காந்து ஏதோ பண்ணுவீங்களே, அதானா இது?" என்று கேட்டார்கள். அதேதான். டை கட்டிய ஒருவர் வந்து உமிழ்நீர் என்று சொன்னதும் அது அறிவியலாகிவிட்டது. நான் செய்தபோது அது எச்சில். எனவே நடந்தது நடந்தபடி எழுதிவைக்கிறேன். யாருக்கு உறுத்துகிறதோ உறுத்தட்டும்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பம். மாதா கோயில் பங்குச் சாமியார் காட்டிய வழியில் லேப் டெக்னீஷியன் டிப்ளமா படித்து, நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, வடலூர் ரோட்டில் இருந்த ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முப்பத்துநான்கு வருடம் அங்கேயே. நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் குவார்ட்டர்ஸ்காரர்களுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள், சுற்றுவட்டாரக் கிராமத்தார்.

லேபுக்குத் தலைவர் கஜேந்திரன் சார். அவரைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிப்பெட்டில் திரவத்தை இழுத்துக் கோட்டில் நிறுத்துவதில் அவர் கைக்கு நிகராக நான் இன்னொரு கையைப் பார்த்ததில்லை. சந்தேகப்பட்ட முடிவு எதுவும் இரண்டாம் முறை சோதிக்காமல் வெளியே போகாது. கையெழுத்துப் போடுமுன் நோயாளியின் பெயரையும் வயதையும் வாய்விட்டுப் படிப்பார். பேனா முனையைக் கைக்குட்டையில் ஒருமுறை துடைப்பார். பிறகு நிதானமாகப் போடுவார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். பிடிக்காத விஷயமாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றி, "பாக்கலாம்மா" என்பார். அதற்குமேல் அந்த விஷயம் நகராது.

2012 வாக்கில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு நரம்பியல் டாக்டர் சனிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் 'சனிக்கிழமை டாக்டர்'தான். வலிப்புக்கு ஃபெனிடாயின் மாத்திரை கொடுத்தால் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். குறைந்தால் வலிப்பு வரும். கூடினால் ஆள் தள்ளாடும், கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சுக் குழறும். இரண்டுக்கும் நடுவில் இடம் ரொம்பக் குறுகல். அளவு பார்க்க ரத்தம் எடுக்கப்போனால் குழந்தைகள் கத்தி வார்டையே ரெண்டாக்கும். அதற்குத்தான் அவர் எச்சிலைப் பிடித்தார்.

எனக்கு அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். "ஷிப்ட் பஸ்ஸ நெனச்சுக்கங்க. நாப்பத்தஞ்சு பேர் சீட்டுல உக்காந்திருக்கான். அஞ்சு பேர் இறங்கி மைன்ஸுக்குள்ள போயிட்டான். வேலை செய்யறது அந்த அஞ்சு பேர்தான். ரத்தத்துல பாத்தா அம்பது பேரையும் சேத்து எண்ணும். எச்சில்ல பாத்தா இறங்கினவன மட்டும் எண்ணும்." சீட்டு என்று அவர் சொன்னது ரத்தத்தில் இருக்கும் புரதம். மருந்தில் பெரும்பகுதி அதைப் பிடித்துக்கொண்டு சும்மா சுற்றும். தனியாக இருக்கும் கொஞ்சம்தான் மூளைக்குப் போகும். எச்சிலில் ஊறி வருவதும் அந்தக் கொஞ்சம்தான்.

சொல்ல எளிது. முதல் வாரம் நடந்த கூத்தை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் டப்பாவைக் கையில் கொடுத்துத் துப்பச் சொன்னால் அது காசநோய்க்குச் சளி எடுக்கத்தான். வடலூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் விடியற்காலையிலிருந்து இருமி இருமி, டப்பா நிறையச் சளியோடு வந்து பெருமையாக நீட்டினார். ஒரு பெண் டப்பாவைப் பார்த்ததுமே, தனக்கு டி.பி. என்று முடிவுசெய்து படியில் உட்கார்ந்து அழுதாள். வலிப்புக்கு வந்த குடும்பத்துக்கு நான் புதிதாக ஒரு நோயைக் கொடுத்து அனுப்பியதுதான் மிச்சம்.

அதன்பிறகு சளி டப்பாவைத் தொடவில்லை. வாயகன்ற வெள்ளை டப்பா தனியாக வாங்கச் சொன்னேன். 'துப்பு' என்ற வார்த்தையையும் விட்டேன். "குனிஞ்சு வாயத் தொறங்க, தானா வடியும்" என்பேன். காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். மாத்திரைத் தூள் வாயில் ஒட்டியிருந்தால் கணக்கு எக்குத்தப்பாக ஏறும். மூன்று தடவை வாய் கொப்பளித்து, பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. முதல் வாய் வேண்டாம், இரண்டாவதைப் பிடிக்க வேண்டும். ஒரு தாய், பிள்ளைக்கு வாய் ஊறட்டும் என்று நாரத்தங்காய் ஊறுகாயை நக்கக் கொடுத்துவிட்டாள். நல்ல எண்ணம்தான், ஆனால் புளிப்பு பட்ட எச்சில் எனக்கு உதவாது. எடுத்ததை உறையவைத்து, இளக்கி, சுழற்றினால் கோழையெல்லாம் அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிந்த நீர்தான் எனக்கு வேண்டியது. எச்சிலில் மருந்து ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு மிஷினைப் பழக்க நீர்த்த கரைசல்களை நானே தயார் செய்தேன். சரியாக வர மூன்று மாதம் பிடித்தது.

இத்தனைக்கும் நடுவில் டப்பாவை வார்டிலிருந்து லேபுக்கு எடுத்துவர ஆள் கிடைக்கவில்லை. எங்கள் அட்டெண்டர் ஆறுமுகம் அண்ணன் தங்கமான மனிதர். மலம், மூத்திரம், சீழ் எதற்கும் முகம் சுளிக்காதவர். எச்சில் என்றதும் பின்வாங்கினார். "மூத்திரம்னா எட்த்துக்கினு வரேன் ரோசு. இத்த மட்டும் எங்கிட்ட சொல்லாத. அடுத்தவன் எச்சியத் தூக்குனேன்னு ஊருல தெரிஞ்சா என் மருமவன் வூட்டுல என்னா மதிப்பான்?" என்றார்.

எனக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. என் அம்மா கல்யாண வீடுகளில் எச்சில் இலை எடுத்தவர். பந்தி முடிந்து எல்லோரும் எழுந்து போனபின் உள்ளே அழைக்கப்படுவார். அந்த வேலைக்கு யாரை அழைப்பார்கள், யாரை அழைக்க மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். டப்பாவை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன், பகல் வெளிச்சத்தில், நடு வராந்தாவில்.

கஜேந்திரன் சார் எனக்கு வாஷ்பேசினுக்குப் பக்கத்து மூலையை ஒதுக்கினார். எச்சிலுக்குத் தனி பிப்பெட், தனி கண்ணாடிக் குவளை. மேஜையில் டப்பா வைப்பதற்கு முன் அடியில் செய்தித்தாள் விரிக்கச் சொன்னார். ரத்தக் குப்பிக்கும் மலக் குப்பிக்கும் செய்தித்தாள் விரித்து நான் பார்த்ததில்லை. தனிக் குவளை என் குடும்பத்துக்குப் புதிதில்லை. வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடத்தில் சனிக்கிழமை டாக்டர் வெளிநாடு போய்விட்டார். "அவரே போயிட்டாரு. இனிமே எதுக்கும்மா இது?" என்றார் சார். "புள்ளைங்களுக்கு ஊசி பயம் போகலையே சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கலாம்மா." நான் நிறுத்தவில்லை. அவரும் தடுக்கவில்லை. ஆனால் எச்சில் ரிப்போர்ட்டில் தன் கையெழுத்து இனி வராது என்று மட்டும் சொன்னார். கையெழுத்து இல்லாத ரிப்போர்ட் எந்த ஃபைலிலும் ஏறாது. என் சொந்த நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

செல்வி வந்தது 2016-இல், ஐப்பசி மழையில். காடாம்புலியூர்ப் பக்கம். முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண், கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருக்கும். வயது இருபத்தேழு. புருஷன் முருகவேல் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்து வலிப்பு உண்டு, மாத்திரையில் அடங்கியிருந்தது. அந்த வருடம் கிட்னி கெட்டு, புரதம் சிறுநீரில் போய், முகமும் காலும் வீங்கிவிட்டன. கொஞ்ச நாளாக நடை தள்ளாடுகிறது என்று கொண்டுவந்து சேர்த்தார்கள்.

வலிப்பு மருந்து போதவில்லையோ என்று ரத்தத்தில் அளவு பார்த்தார்கள். இருக்க வேண்டியது பத்திலிருந்து இருபதுக்குள். அவளுக்கு ஆறு. வார்டு டாக்டர் நிர்மலா மாத்திரையைக் கூட்டினார். புத்தகப்படி அது சரி. ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் ஒன்பது. இன்னும் குறைவு, ஆனால் செல்வியோ எழுந்து உட்காரவே முடியாத நிலைக்கு வந்திருந்தாள். வாந்தி, பேச்சுக் குழறல். கருவிழி ஒரு இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் துடித்தது. "குடிச்சவன் மாரி ஆடுதுங்க. டம்ளரக்கூடப் புடிக்க முடியல. இந்தக் கையால ஒரு நாளைக்கு எத்தினி கொட்ட ஒடைக்கும் தெரியுங்களா" என்று முருகவேல் என்னிடம் சொன்னான். மறுநாள் மதிய ரவுண்டில் மாத்திரையை இன்னும் கூட்டுவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை ரத்தம் எடுக்கப்போனேன். வீங்கிய கையில் நரம்பு தட்டுப்படவில்லை. மூன்று இடத்தில் குத்தியும் கிடைக்கவில்லை. "போதும்க்கா" என்று முனகினாள். அவள் கண்ணைப் பார்த்தேன். இது மருந்து குறைந்தவளின் கண் இல்லை. கூடினால் எப்படி இருக்கும் என்று சனிக்கிழமை டாக்டர் சொன்னது ஒவ்வொன்றாக அவள் உடம்பில் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு ஷிப்ட் பஸ் ஞாபகம் வந்தது. இவளுக்குப் புரதமே இல்லை. பஸ்ஸில் சீட்டே இல்லை. ஏறியவர்கள் எல்லாம் இறங்கிவிட்டால், ரத்தத்தில் ஒன்பது என்று காட்டினாலும் உள்ளே வேலை செய்வது எத்தனை பேர்?

நர்ஸிடம், காலை மாத்திரையை நான் சொல்லும்வரை கொடுக்காதே என்றேன். "டாக்டர் கேட்டா?" என்றாள். "என் பேரச் சொல்லு" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. தெரிந்தேதான் சொன்னேன்.

செல்வியைச் சாய்த்து உட்காரவைத்து டப்பாவை நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டாள். ஊறியதை விழுங்கினாள். "உங்க எதிர எப்புடிக்கா... நீங்க படிச்சவங்க" என்றாள் குழறலாக. சாகக்கிடக்கும்போதும் இந்த மரியாதை. நான் இன்னொரு டப்பாவை எடுத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து, வாயைத் திறந்து என் எச்சிலை முதலில் வடித்துக் காட்டினேன். முருகவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். செல்வி என்னையே பார்த்தாள். பிறகு தானும் குனிந்தாள்.

முதல் டப்பா இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிட்டால் ஈறு வளர்ந்து ரத்தம் கசியும். ரத்தம் கலந்தால் கணக்குத் தப்பும் என்று அதை நானே கொட்டிவிட்டேன். குளிர்ந்த தண்ணீரில் கொப்பளிக்கவைத்து ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி எடுத்தேன். சுழற்றிப் பார்த்தேன், அடியில் சிவப்பு இல்லை. என் எச்சிலையும் கூடவே மிஷினில் போட்டேன். மாத்திரை சாப்பிடாத வாய்க்கு என்ன காட்டுகிறது என்று தெரிய வேண்டுமே. எனக்குப் பூஜ்யம். அவளுக்கு இரண்டு புள்ளி ஆறு. திருப்பிப் போட்டேன். அதே எண். எச்சிலில் இரண்டைத் தாண்டினாலே அதிகம்.

தாளை எடுத்துக்கொண்டு கஜேந்திரன் சாரிடம் போனேன். ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினார். பெயரை வாய்விட்டுப் படிக்கவில்லை.

"ஈறுல ரத்தம் வர்ற பொண்ணும்மா அது. அதான் கூடக் காட்டுது."

"செவப்பா வந்தத கொட்டிட்டு மறுபடி எடுத்தேன் சார். ரத்தத்துலயே கம்மின்னுதான சார் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கம்மியா இருக்கிறது கொஞ்சம் கலந்து இது எப்படி சார் இவ்ளோ ஏறும்?"

கண்ணாடியைக் கழற்றினார். "எச்சில நம்பி மருந்த நிறுத்தி, ராத்திரி வலிப்பு வந்து அந்தப் பொண்ணு போயிட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"நீ யாரும்மா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டவரைப் போல இருந்தது.

நான் அவர் மேஜையிலேயே நின்று, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் படிவத்தில் எண்ணை எழுதி, லேப் பொறுப்பாளர் என்று அச்சடித்த இடத்துக்கு மேலே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரோஸ்லின், டெக்னீஷியன். பிறகு வார்டுக்கு நடந்தேன்.

டாக்டர் நிர்மலா தாளைப் புரட்டிப் பார்த்து, "சார் சைன் இல்லையே?" என்றார். "இல்ல டாக்டர். போட மாட்டேன்னுட்டாரு. எண்ணு சரி, ரெண்டு தடவ பாத்துட்டேன்" என்றேன். பஸ் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஃபைலில் புரத ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தார். ஒன்று புள்ளி நான்கு. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. அந்தத் தாளில் சாரின் கையெழுத்து அழகாக இருந்தது. விடையில் பாதி ஆறு நாளாக அதே ஃபைலில்தான் கிடந்திருக்கிறது. டாக்டர் கொஞ்ச நேரம் செல்வியின் கண்ணையே பார்த்தார். "மாத்திரைய நிறுத்துங்க. நான் சொல்றப்ப மறுபடி ஆரம்பிக்கலாம்" என்று நர்ஸிடம் சொன்னார்.

அந்த நாட்களில் நான் தைரியமாக இருந்தேன் என்று சொன்னால் பொய். வார்டிலிருந்து மணி அடிக்கும்போதெல்லாம் வேலையை விட்டு லேப் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். வலிப்பு வந்திருந்தால் சார் சொன்னதுதான் நியாயமாகியிருக்கும். தினமும் காலையில் எச்சில் எடுத்தேன். எண் மெல்ல இறங்கியது. நாலாம் நாள் செல்வி தானாக எழுந்து உட்கார்ந்தாள். கண் நிலைக்கு வந்தது. குறைந்த அளவில் மாத்திரை திரும்ப ஆரம்பித்தது. பத்து நாளில் சுவரைப் பிடித்து நடந்தாள். வீட்டுக்குப் போகும்போது டம்ளரை ஒரு கையில் பிடித்துக் காப்பி குடித்தாள், சிந்தாமல்.

எனக்கு மெமோ வந்தது. அதிகாரமின்றிக் கையெழுத்திட்டதற்கும் மாத்திரையை நிறுத்தி வைத்ததற்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். 'கையெழுத்திட வேண்டியவர் இடவில்லை. நோயாளியால் காத்திருக்க முடியாது. எனவே நான் இட்டேன். இப்படி இன்னொரு நோயாளி வந்தால் மறுபடியும் இடுவேன்' என்று எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியை அடித்துவிடச் சொல்லி அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. அடிக்கவில்லை. எழுத்துமூல எச்சரிக்கை கொடுத்தார்கள். அது இப்போது பீரோவில் அந்தச் சால்வைக்கு அடியில் இருக்கிறது.

கஜேந்திரன் சார், "அந்தப் பொண்ணுக்கு அதிர்ஷ்டம்" என்று மட்டும் வேறு யாரிடமோ சொன்னாராம்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை. லேபில் நல்ல கூட்டம். ஆள் குறைவு என்று சாரே கவுன்ட்டரில் நின்றார். நான் உள்ளே கையுறையோடு வேலையில் இருந்தேன். செல்வி பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தாள். முகத்தில் வீக்கம் இல்லை.

"ரத்தமாம்மா?" என்றார் சார்.

"இல்லீங்க சார். எச்சி. இன்னும் மாத்தர போடல."

என்னைக் கூப்பிடவில்லை. டப்பாவைக் கேட்டு வாங்கினாள். வெளியே குழாயில் மூன்று தடவை கொப்பளித்தாள். வந்து நடு பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் வாய் திறக்காமல் இருந்தாள். பிறகு அத்தனை பேர் எதிரிலும் குனிந்தாள். முந்தானையால் மறைக்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. முதல் வாயை வாஷ்பேசினில் விட்டுவிட்டு இரண்டாவதை டப்பாவில் பிடித்தாள். ஆறுமுகம் அண்ணன் மெல்ல நழுவி வெளியே போனார். செல்வி எழுந்துபோய் டப்பாவை இரண்டு கையாலும் சாரிடம் நீட்டினாள்.

கவுன்ட்டரில் செய்தித்தாள் இல்லை. சார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். நான் உள்ளேயிருந்து நகரவில்லை. வேண்டுமென்றுதான் நகரவில்லை. அவள் கையை மடக்காமல் நின்றாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். சார் கடைசியில் வாங்கிக்கொண்டார். "சூடா இருக்கு" என்றார், யாரிடம் என்று தெரியாமல். பிறகு மூடியை அழுத்தி மூடி, சீட்டு எழுதும்போது பெயரையும் வயதையும் வாய்விட்டுப் படித்தார். ரிப்போர்ட்டில் அன்றைக்கும் அவர் கையெழுத்துப் போடவில்லை. நான்தான் போட்டேன். ஆனால் இந்த முறை மெமோ வரவில்லை.

செல்வி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசல்வரை கூடப் போனேன். "அன்னிக்கு என் எதிர வாயத் தொறக்கவே அவ்ளோ யோசிச்ச, இன்னிக்கு ஊரே பாக்குது, உனக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டேன்.

"எனுக்கென்னாக்கா வெக்கம்?" என்றாள். "அத்தினி பேரு என்னப் பாத்துகினுதான் இருந்தாங்க. என்னா ஆவுதுன்னு என் எச்சிதான் சொல்லிச்சு. அதுக்குப் போய் நான் மூஞ்சத் திருப்பிக்கினு ஒக்காரணுமா?"

விழா மேடையில் கூடமே சிரித்தபோது நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. அன்று சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.